முன்னால் ஒன்றும் இல்லை

கார் தானாக பிரேக் போடுவதை முதலில் நாங்கள் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தோம்.

வாங்கிய புதிதில் ஒரு தீபாவளி நேரம். நான் வேலை செய்யும் நகைக்கடை பினாங்கில் லிட்டில் இந்தியாவில் இருக்கிறது. வேலை முடிந்து என்னை ஏற்றிக்கொண்ட என் வீட்டுக்காரர், குவீன் ஸ்திரீட் கூட்டத்துக்குள் வண்டியை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரு துணிக்கடை வாசலில் கம்பியில் தொங்கிய சேலை காற்றில் தெருப்பக்கம் பறந்தது. உடனே பீப் பீப் என்று சத்தம், முன்னால் ஒரு சிவப்பு விளக்கு, வண்டி சடக்கென்று நின்றுவிட்டது. பின்னால் மூன்று சக்கர சைக்கிளில் வந்த திரிஷாக்காரர் மணியை அடித்துத் திட்டினார்.

"பாத்தீங்களா, உங்களவிட இதுக்குத்தான் சேலை மேல அக்கறை" என்றேன். அவர் சிரித்தார். வீடு போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்தக் காரை வாங்கச் சொன்னது கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் மகள். அப்பாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, தினமும் வேலைக்குப் பாயான் லெப்பாஸ் வரை ஓட்டிப் போகிறார், இனிமேல் பாதுகாப்பான வண்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கார் விற்ற கடைக்காரப் பையன் முன்கண்ணாடிக்கு மேலே இருந்த சின்ன கேமராவைக் காட்டி விளக்கினான். முன்னால் ஆளோ வண்டியோ வந்து நாம் கவனிக்காமல் இருந்துவிட்டால், அது தானே பிரேக்கைப் பிடித்துவிடும் என்றான். என் வீட்டுக்காரருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அவர் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருப்பவர். மனிதனுக்குத் தூக்கம் வரும், கவலை வரும், இயந்திரத்துக்கு அதெல்லாம் கிடையாது என்று அடிக்கடி சொல்வார்.

சேலைக்குப் பிறகும் சில தடவை அப்படி நடந்தது. பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் சரிவில் ஏறும்போது ஒரு தூணைப் பார்த்து நின்றது. ஜெலுத்தோங் கடலோரச் சாலையில் நல்ல மழையில், முன்னால் யாரும் இல்லாதபோது ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போனது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே வண்டியை சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோனார். அவர்கள் கேமராக் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்கள். இந்த மாடல் கொஞ்சம் சென்சிட்டிவ், வேண்டாம் என்றால் பட்டனை அழுத்தி அணைத்துவிடலாம் என்றார்கள். ஆனால் எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அது தானாகவே திரும்ப வந்துவிடும். சில நாள் ஒவ்வொரு தடவையும் அணைத்தார். பிறகு விட்டுவிட்டார். உயிரைக் காப்பாற்ற வைத்திருப்பதை நாமே ஏன் அணைக்க வேண்டும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்தச் சனிக்கிழமை நிபோங் திபாலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து மூன்றாம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டோம். ஹைவேயில் ஏறாமல் பழைய சாலையிலேயே போகலாம், சிம்பாங் அம்பாட் பக்கம் நல்ல இளநீர் கிடைக்கும் என்றார். நல்ல வெயில். இரண்டு பக்கமும் செம்பனை எண்ணெய்த் தோட்டம். அது முடிந்ததும் வீடுகளும் தொழிற்சாலைகளும் வரத் தொடங்கின. மத்தியான ஷிப்டுக்குப் போகிற மோட்டார் சைக்கிள்கள் எங்களோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தன.

சாலை ஒரு மேம்பாலத்துக்குக் கீழே நுழைகிற இடம் அது. பாலத்தின் நிழல் சாலைக்குக் குறுக்கே கறுப்பாக விழுந்திருந்தது. எங்களுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு வண்டியும் இல்லை. அதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் இளநீர்க் கடையைத் தேடி நான் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீப் சத்தம் வந்தது. சிவப்பு விளக்கு வந்தது. சீட் பெல்ட் என் நெஞ்சைப் பிடித்து இறுக்கியது. மடியில் இருந்த தாம்பூலப் பை பறந்து கீழே விழுந்தது. "ஏய், ஏய்" என்று என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்துக் கத்தியது கேட்டது. அந்தக் குரல் அடங்கும் முன்பே பின்னால் பெரிதாக ஒரு சத்தம்.

நாங்கள் இறங்கி ஓடினோம். ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் வண்டியின் பின்பக்கத்தில் செருகிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் சாலையோரப் புல்லில் கிடந்தார். தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தமிழர். அதே சீருடையில் வந்த ஒரு மலாய்ப் பெண் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, அவர் முகத்தில் வெயில் படாதபடி குடையை விரித்துப் பிடித்தாள். எதிரே பட்டறையில் இருந்த சீனர் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். என் வீட்டுக்காரர் புல்லில் மண்டியிட்டு அடிபட்டவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு நினைவு இருந்தது. வலியில் முனகவில்லை. என் வீட்டுக்காரரை நேராகப் பார்த்து, கோபமே இல்லாமல், தெரியாத ஒன்றைக் கேட்பதுபோல் கேட்டார்.

"ஏண்ணே பிரேக் போட்டீங்க? முன்னால ஒண்ணும் இல்லயே."

"நான் போடல தம்பி. அதுவா போட்டுச்சு. நான் போடல."

அது அவர் காதில் விழுந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. கண் திறந்தபடிதான் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

போலீஸ் நிலையத்தில் இருந்த சார்ஜன் நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மலாயில் பொறுமையாக விளக்கினார். பின்னால் வருகிறவர்தான் இடைவெளி விட்டு வரவேண்டும், பின்னால் வந்து மோதினால் தப்பு அவர்மேல்தான், உங்கள்மேல் ஒன்றும் வராது, பயப்படாதீர்கள் என்றார். என் வீட்டுக்காரர் அதற்கு நன்றி சொல்லவில்லை. வண்டி தானாக பிரேக் போட்டது, அதை எழுதுங்கள் என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சார்ஜன் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, வண்டி திடீரென்று நின்றது என்று தட்டச்சு செய்தார். யார் நிறுத்தியது என்பது அதில் இல்லை. இன்சூரன்ஸ் ஏஜண்டும் போனில் அதையேதான் சொன்னார். உங்கள் பக்கம் சுத்தமாக இருக்கிறது, தேவையில்லாமல் பேசிக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார்.

"செத்துப்போன ஆள் மேல தப்ப எழுதிட்டாங்க" என்றார் என் வீட்டுக்காரர், படியில் இறங்கும்போது.

மறுநாள் அடக்கத்துக்குப் போனோம். நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடு. தெருவை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். இறந்தவரின் மனைவிக்கு ஒரு தம்பி. இரும்புச் சாமான் கடையில் லோரி ஓட்டுகிறவர். நாங்கள் யார் என்று தெரிந்ததும் அவர் வேகமாக வந்து எங்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் குரல் உயரவில்லை.

"இப்ப வேணாம்ணே. அக்கா தாங்க மாட்டாங்க. அப்புறமா வாங்க."

அங்கேயே வெயிலில் நின்றோம். பெட்டியை ஏற்றிக்கொண்டு வண்டி எங்களைக் கடந்து போனபோது என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ச்சாலையில் நின்று கும்பிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மறுபடி போனோம். இந்த முறை உள்ளே கூப்பிட்டார்கள். இறந்தவரின் மனைவி, அந்த அம்மாள், என்னைவிடச் சிறியவள், பாசாரில் ஒரு காய்கறிக் கடையில் வேலை செய்கிறவள். பிள்ளைகள் இல்லை. முன்னறையில் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். தம்பி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவளும் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"ஏண்ணே பிரேக் போட்டீங்க?"

"நான் போடலம்மா. காடிதான் போட்டுச்சு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். தம்பி சொன்னார், "காடி எப்படிண்ணே தானா பிரேக் போடும்? நான் லோரி ஓட்டறவன். எங்கிட்ட போய் இத சொல்றீங்க."

நான் கேமராவைப் பற்றி, அந்த பிரேக்கைப் பற்றி எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். நான் முடித்ததும், "அப்ப காடி மேல கேஸ் போட்ருவோமா அக்கா" என்றார். கசப்பாகச் சிரித்தார். நாங்கள் கொண்டுபோன பழங்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். வெளியே என் வீட்டுக்காரர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். உண்மையைத்தான் சொன்னார். சொன்ன இடத்தில் அது தப்பித்துக்கொள்ளச் சொல்லும் பொய்போல ஒலித்தது. எனக்கே அப்படிக் கேட்டது.

சர்வீஸ் மையத்தில் வண்டியைப் பல நாள் வைத்திருந்தார்கள். கடைசியில் மேலாளர் எங்களைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, எல்லாம் சோதித்தாகிவிட்டது, கோளாறு எதுவும் இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்றார். மோதுவதற்கு முன் பிரேக் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் காட்டுகிறதாம். பிடித்தது காலா, கம்ப்யூட்டரா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதை எங்களால் இங்கே பார்க்க முடியாது சார், தலைமையகத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார் மேலாளர். தலைமையகத்திலிருந்து எங்களுக்கு எதுவும் வரவில்லை. பின்பக்கத்தைத் தட்டிச் சீர்செய்து, பெயிண்ட் அடித்து, உள்ளே பிளாஸ்டிக் உறைகூடப் போட்டுப் புதிதுபோலத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகு அவர் ஓட்டவில்லை. தொழிற்சாலை பஸ்ஸில் போய்வந்தார். வண்டி எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நின்றது. முதலில் அவர் சாப்பாடு குறைந்தது. பிறகு பேச்சு குறைந்தது. தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் நின்றாராம். கூட வேலை செய்கிறவர் எனக்குப் போன் செய்து, அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா அக்கா என்று விசாரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிட மீ நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அவரைக் காருக்குள் பார்த்தேன். எஞ்சின் ஓடவில்லை. கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. வியர்வையில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வலது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்கும், பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு என் கால் எங்க இருந்துச்சு? நீ பாத்தியா?"

"நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேங்க. காலப் பாக்கல. ஆனா சத்தம்தான் முதல்ல வந்துச்சு. சத்தம், லைட்டு, அப்புறம்தான் நின்னுச்சு."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா எல்லாரும் கேக்கக் கேக்க..." அவர் நிறுத்தினார். "அந்த நிழலப் பாத்து நானே பயந்து அமுக்கியிருந்தா? அமுக்கிட்டு மறந்திருந்தா?"

"இல்லங்க. நீங்க போடல."

"நீ என் பொண்டாட்டி. நீ அப்படித்தான் சொல்லுவ."

அவர் திட்டவில்லை. மிகவும் மென்மையாகச் சொன்னார். அந்த மென்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த மனிதர், தன் காலையே நம்ப முடியாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் மீ ஆறிப்போயிற்று.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அதே வண்டியை அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பது என்று. சர்வீஸ் மையத்தில் யாராவது கூட வரமுடியுமா என்று கேட்டேன். கம்பெனி விதிப்படி முடியாது என்றார்கள். வேறு யாரைக் கேட்பது? என் தங்கை வந்தாலும் வேண்டியவர்கள் பேச்சாகத்தான் இருக்கும். அதனால் நம்பாத ஒருவரையே கேட்டேன். இறந்தவரின் மச்சினனுக்குப் போன் செய்தேன்.

எதற்காக என்று விவரம் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், "நான் உங்க பக்கத்துல உக்காந்து வரேன் அக்கா. ஆனா உங்க கால நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"அதுக்குத்தான் உங்கள கூப்பிடறேன்."

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். இன்னொரு உயிர் போய்விடும் என்று பதறினார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. தம்பிதான் வழி கண்டுபிடித்தார். தொழிற்சாலைக் கூட்டம் குறைவாக இருக்கும் ஞாயிறு மத்தியானம் போகலாம் என்றார். கூட வேலை செய்யும் ஒருவர் கடை லோரியில் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு நல்ல இடைவெளி விட்டு எங்கள் பின்னால் வருவார், எந்த மோட்டாரும் எங்களை ஒட்டி வராமல் பார்த்துக்கொள்வார். அப்படியே செய்தோம். என்னிடம் லைசன்ஸ் உண்டு, ஆனால் அவ்வளவு தூரம் நான் ஓட்டியதில்லை. பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போதே ஸ்டியரிங்கில் கை வழுக்கியது.

முதல் தடவை அந்த மேம்பாலத்துக்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்தோம். மறுபடியும் ஒன்றும் இல்லை. தம்பி குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சில சுற்றுக்குப் பிறகு மேகம் வந்து வெயில் மறைந்தது. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். தோற்றுப்போனது போல இருந்தது. அவர் தன் தண்ணீர்ப் புட்டியை எனக்குக் கொடுத்தார். "வெயில் வரட்டும் அக்கா. அன்னைக்கு வெயில்தானே" என்றார். நம்புகிறாரா, பாவம் பார்க்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

வெயில் திரும்ப வந்ததும் கிளம்பினேன். நிழல் நெருங்கியது. கால் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டிருந்தது. பீப் சத்தம் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல வண்டி முன்பக்கம் குத்திக்கொண்டு நின்றது. தம்பியின் தலை டேஷ்போர்டில் இடித்தது. அவர் நெற்றியைத் தடவவில்லை. நிமிர்ந்து வெறும் சாலையைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். கால் இன்னும் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது.

பின்னால் லோரி தூரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. ஒரு மோட்டார் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து ஏதோ திட்டினார்.

"ஓரமா போடுங்க அக்கா" என்றார் தம்பி. ஓரம் கட்டினேன். அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பாலத்துத் தூணைப் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார். வெகுநேரம் அழுதார். நான் வண்டிக்குள்ளேயே இருந்தேன். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஒரு மனிதர் இல்லாத ஒன்றுக்காகச் செத்திருக்கிறார் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. ஒரு நாயோ குழந்தையோ குறுக்கே வந்திருந்தால்கூட மனது ஆறும். அங்கே இருந்தது வெறும் நிழல்.

தம்பியே தன் அக்காளிடம் போய்ச் சொன்னார். அடுத்த வாரம் அவள் எங்களைக் கூப்பிட்டனுப்பினாள். நானும் என் வீட்டுக்காரரும் பஸ் பிடித்துப் போனோம். தேநீர் கலந்து கொடுத்தாள். நாங்கள் குடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு என் வீட்டுக்காரருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப அவரு உங்க காடிய ஒட்டிப் போகல. அப்படித்தானேண்ணே?"

"இல்லம்மா. அவரு சரியாத்தான் வந்தாரு. யாரா இருந்தாலும் மோதித்தான் இருப்பாங்க."

"போலீஸ்ல சொன்னாங்க, உங்க வீட்டுக்காரரு ரொம்பக் கிட்ட போயிருக்காருன்னு. நான் நம்பிட்டேன். தினமும் காலைல வெளக்கேத்தும்போது அவரத் திட்டுவேன். அப்படி என்னய்யா அவசரம், வேலைக்குக் கொஞ்சம் லேட்டா போனா என்ன, என்னப் பத்தி நெனச்சியான்னு திட்டுவேன்." அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு எப்பவும் மெதுவாத்தான் போவாரு. நான்தான் பின்னால உக்காந்துக்கிட்டு, சீக்கிரம் போலா, சீக்கிரம் போலான்னு சொல்லுவேன். அது தெரிஞ்சும் திட்டினேன்."

என் வீட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"திட்டறப்ப கொஞ்சம் தெம்பா இருந்துச்சுண்ணே" என்றாள் அவள். "இனிமே நான் யாரத் திட்டறது?"

நான் தரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாயவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி என்னோடு போலீஸ் நிலையத்துக்கு வந்தார். பார்த்ததைச் சொன்னார். சார்ஜன் மறுக்கவில்லை. இன்னொரு ரிப்போர்ட் போட்டுக் கொடுத்து, மேலே அனுப்புவதாகச் சொன்னார். அது எவ்வளவு மேலே போனதோ தெரியாது. சில மாதம் கழித்து சர்வீஸ் மையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். உங்கள் வண்டிக்குப் புது சாப்ட்வேர் வந்திருக்கிறது, இலவசம், வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்றாள். எதற்கு என்று கேட்டேன். பிரேக் அமைப்பு இன்னும் நன்றாக வேலை செய்யும் என்றாள். அப்படியென்றால் முன்பு சரியில்லையா என்றேன். கொஞ்சம் தயங்கினாள். "பிரச்சினைன்னு இல்ல மேடம். இம்ப்ரூவ்மெண்ட்" என்றாள். குரலைக் கேட்டால் எங்கள் மகள் வயதுதான் இருக்கும். அவளிடம் கோபித்துக்கொண்டு என்ன செய்வது? போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இனிமேலாவது மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள், நீங்கள் போடவில்லை என்று அவர்கள் வாயாலேயே கிட்டத்தட்டச் சொல்லிவிட்டார்கள், அந்த அம்மாளுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், போலீஸுக்கும் தெரியும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கீழே பார்த்தார்.

"அன்னைக்கு ஏன்னு கேட்டது அவருதானே" என்றார். "அவருக்குத் தெரியாமலே போயிட்டாரே."

அதற்குப் பிறகு நான் அவரைத் தேற்ற முயலவில்லை. அந்த வண்டியை விற்றோம். வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விலை பேசினேன். பலர் திரும்பிப் போனார்கள். கடைசியில் உதிரிபாகத்துக்கு உடைக்கிற ஒருவர் எடுத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு அதுதான் வேண்டியிருந்தது. அந்த வண்டியை இன்னொருவர் ஓட்டிப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது எங்களிடம் ஒரு பழைய சின்னக் கார் இருக்கிறது. கேமரா எதுவும் கிடையாது. நான்தான் ஓட்டுகிறேன். அவர் பின் இருக்கையில் உட்காருகிறார். முன்னால் வரச்சொல்லி ஆரம்பத்தில் கூப்பிட்டுப் பார்த்தேன். இங்கேயே நன்றாக இருக்கிறது என்பார். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் முன்னால் சாய்ந்து என் தோளைத் தொட்டுச் சொல்வார்.

போன மாதம் அந்த அம்மாளைக் கண் பரிசோதனைக்கு பினாங்குக்குக் கூட்டி வந்தோம். திரும்ப வீட்டில் கொண்டுபோய் விடும்போது அவள் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பழைய சாலையைத் தவிர்த்துவிட்டு நான் ஹைவேயிலேயே போனேன். அவள் அதைக் கவனித்தாளா, தெரியவில்லை. பாசாரில் மீன் விலை, தம்பிக்குப் பெண் பார்ப்பது என்று பேசினாள். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து பதிலே சொல்லவில்லை. அண்ணன் தூங்கிட்டாரா அக்கா என்று மெதுவாகக் கேட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஆமாம், தூங்கிவிட்டார் என்று சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.